மெஷினுக்கு ஒரு நிறுத்தம்

அஞ்சலையும் தியாகுவும் புருஷன் பெண்டாட்டி இல்லை என்று எனக்குச் சொன்னவர் சேதுராமன். அவருக்கு அதைச் சொன்னது, மலாக்காவில் காஜா பெராங் சாலை முடிதிருத்தும் கடையில் தாடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவருக்கு யார் சொன்னார்கள் என்று சேதுராமன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சேதுராமன் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. நானும் அவரும் ஒரே வீட்டின் முன்னறையை ஆளுக்குப் பாதியாக வாடகைக்கு எடுத்திருந்தோம். நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கமிருந்துதான் அவர் பேசினார்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க சார். இங்கேர்ந்து தம்பின் டவுனுக்கு இருபத்துநாலு மைலு. ஒரு மணி நேரத்துல போயிடலாம். இவங்க காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் ஆறுக்குத்தான் வர்றாங்க. எங்கம்மா போனீங்கன்னா, அங்க குரங்கு பார்த்தோம், இங்க ஐஸ் தின்னோம்கிறா அந்தம்மா. கட்டின பொண்டாட்டிய எவனாச்சும் வழியில நிறுத்தி ஐஸ் வாங்கிக் குடுப்பானா? கட்டினவன் போவான், வேலையை முடிப்பான், வருவான். நின்னு நின்னு போறதெல்லாம் கூட்டிக்கிட்டு வந்த கேசு.”

அந்தம்மாவுக்கு ரப்பர் தோட்டத்தில் ஒரு புருஷன் இருக்கிறானாம். தியாகு அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டானாம். கோயிலில் இவர்கள் கல்யாணத்துக்கு ஒரு சீட்டும் கிடையாதாம்.

நான் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில், அதை நானே சொன்னேன். ‘ஐஸ் வாங்கிக் குடுப்பானா’ என்ற இடத்தை என் சொந்தச் சரக்கு மாதிரி சற்று நிறுத்திச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். திருச்சியிலிருந்து ஐம்பத்தாறில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவன் நான். காலையில் ஆங்கில இலக்கணம், பிற்பகலில் தமிழ். தங்கும் அனுமதியை ஆண்டுக்கொரு முறை கோலாலம்பூர் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மற்ற முந்நூற்று அறுபத்துநாலு நாளும் பயந்துகொண்டிருப்பேன். இந்த ஊரில் என் பேச்சுக்கு விழுந்த முதல் சிரிப்பு அது. அதனால் வேறொரு நாளும் சொன்னேன்.

அஞ்சலையை எனக்கு அப்போதே தெரியும். அதுதான் சொல்லக் கூசுகிறது. எங்கள் சந்தின் கோடியில், பலகை வீட்டில் இருந்தார். தையல் வேலை செய்வார். என் கால்சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே, “தம்பி இதை எங்க உக்காந்து கிழிச்சீங்க, பெஞ்சிலயா பயத்திலயா?” என்று கேட்டவர். என்னைப் பார்த்த ஒரு வாரத்தில் என் முழு ஜாதகத்தையும் கணித்துவிட்டார்.

அவர் சேலம் பக்கத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பாவோடு கப்பலேறி அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பத்து வயதில் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவினார், பதினான்கில் மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள், ஓர் அதிகாரி வரிசையில் நிறுத்திப் பேர் கேட்டான். இவர் பேரைச் சொல்வதற்குள் ஊரைச் சொல்லிவிட்டார். அதற்கு ஓர் அறை. அன்றிலிருந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் எதைக் கேட்டாலும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தபாலாபீசில்கூடத் தியாகுதான் பேச வேண்டும்.

தியாகு அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கூலியாகப் போய் உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். அங்கே நடந்ததைப் பற்றி வாயே திறக்க மாட்டார். பொதுவாகவே வாயைத் திறப்பது குறைவு. ஜப்பான் சண்டைக்குப் பிறகு தையல் மெஷின் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார். வாரநாட்களில் ஊருக்குள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய ஆஸ்டின் காரில் அலோர் காஜா, தம்பின், ஜாசின், மூவார் என்று சுற்றி, தோட்டங்களிலும் சிறு கடைகளிலும் மெஷின்களைச் சரிசெய்வார். அஞ்சலை கூடவே போவார். எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொள்வார், சரியான மெஷினை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

அந்தக் காரில் இடப்பக்கக் கதவு திறக்காது. ஒவ்வொரு தடவையும் தியாகு முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அஞ்சலை ஓட்டுநர் இருக்கை வழியாக நகர்ந்து நகர்ந்து வெளியே வருவார். துருப்பிடித்த ஒரு கீல் செய்த வேலை அது. பார்த்தவர்களுக்கு அது காதலாகத் தெரிந்திருக்கிறது.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு மெஷினைச் சரிசெய்தால் அஞ்சலைக்கு ஒரு நிறுத்தம். எங்கே என்பது அவர் இஷ்டம். மெஷினிலிருந்து கழற்றிய முறிந்த ஊசியை அவர் ஒரு சிவப்புத் துணித்துண்டில் குத்தி வைத்துக்கொள்வார். நின்ற இடத்தில் ஒன்றை உருவி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். ஊசி துணியில் இருக்கும்வரை தியாகு வண்டியை நேரே வீட்டுக்கு விட முடியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐம்பத்தேழு டிசம்பரில் அனுமதியைப் புதுப்பிக்கக் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது, தம்பினில் ரயிலேற அவர்கள் காரில்தான் போனேன். ஆசிரியர் அறையில் இரண்டு தடவை சிரிக்கவைத்த பிறகு, அதே வாயோடு, அதே காரில்.

பின்னிருக்கையில் இரண்டு மெஷின் தலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்குத்தான் ரயில். ஏழேகாலுக்கே மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.

“தம்பி, அதை அடிக்கடி பார்த்தா அதுக்கு வெக்கமா இருக்காது?” என்றார் அஞ்சலை.

பன்னிரண்டாம் மைல் கல் அருகே தியாகு யாரும் சொல்லாமலே வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். கடையோ வீடோ இல்லை. அஞ்சலை நகர்ந்து இறங்கி, மைல் கல்லை முந்தானையால் துடைத்து, மடியிலிருந்து குங்குமத்தை எடுத்து ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து கல்லைச் சுற்றிப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

“என்னக்கா தேடறீங்க?”

“அரிசி.”

“இங்கே ஏது அரிசி?”

“இருக்கும். ரெண்டு மணியாச்சும் பாக்கி இருக்கும். எங்க பெரியத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”

தியாகு காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாற்பத்தாறு ஆவணியில் மலாக்காக் கோயிலில் அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தோட்டத்திலிருந்து எல்லாரும் ஒரு லாரியில் கிளம்பினார்கள். ஏழரையிலிருந்து ஒன்பது வரை முகூர்த்தம். பன்னிரண்டாம் மைலில் பின்சக்கரம் கழன்று காட்டுக்குள் ஓடிவிட்டது. சக்கரத்தைத் தேடிக் கொண்டுவந்தபோது மணி எட்டே முக்கால். தியாகுவின் பெரியப்பா, “நேரம் போனா போனதுதான். எல்லாம் இறங்குங்க” என்றார். கிழக்கு எது என்று பார்த்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினார்கள். அந்தத் திசையில் இந்தக் கல் இருந்தது. பெரியப்பா தாலி எடுத்துக் கொடுக்க, தியாகு கட்டினார்.

“அட்சதைக்குக் கையளவு அரிசி,” என்றார் அஞ்சலை. “ரேஷன் அரிசி. அப்ப மரவள்ளிக் கிழங்குதான் சோறு, அரிசியக் கண்ணால பார்க்கிறதே பெரிசு. தூக்கிப் போட மனசு வருமா? வாழ்த்திப் போட்டாங்க. போட்ட கையோட பொம்பளைங்க எல்லாம் ரோட்டுல குந்திக்கிட்டு மணி மணியாப் பொறுக்கினாங்க. நானும் குனிஞ்சேன். பொண்ணு குனியக்கூடாதும்மான்னாங்க. எதிர்த்தாப்ல ஆர்மி லாரி வந்துச்சு. விடாம ஆரன் அடிச்சான். அதான் எங்களுக்கு நாயனம்.”

“பாயசம்,” என்றார் தியாகு.

“ஆமா, அந்த அரிசியிலதான் பாயசம் வச்சாங்க. பல்லுல மண்ணு கடிச்சிச்சு. யாரும் துப்பல.”

பிறகு கோயிலுக்குப் போகவேயில்லை. கழுத்தில் தாலி ஏறிவிட்டது. இனி கோயிலில் போய் எதைக் கட்டுவது என்று பெரியப்பா லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டாராம். ஆகவே கோயில் புத்தகத்தில் அவர்கள் பேர் இல்லை. ‘சீட்டுக் கிடையாதாம்’ என்று சேதுராமன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

“அன்னிக்கு லாரி ஒழுங்கா ஓடியிருந்தா,” என்று வண்டியைக் கிளப்பியபடி தியாகு சொன்னார், “இவளுக்கு நிக்கிற புத்தியே வந்திருக்காது.”

அலோர் காஜாவில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டு ஊசிகள் சிவப்புத் துணியில் ஏறின. முதல் ஊசிக்கு, ஊரைத் தாண்டி ஒரு மலாய்க்காரர் காப்பிக்கடை. அங்கே கூண்டில் ஒரு மைனா. யார் போனாலும் ‘பாயார் டூலு, பாயார் டூலு’ என்று, காசை முதலில் வை என்று அதட்டும். அஞ்சலை கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மலாயில் அதோடு சண்டை பிடித்தார். காப்பி இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன காசு, உன் முதலாளி காப்பியில் பாலே இல்லை, உனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரே மூச்சில். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மலாயில் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஊசிக்குக் காடெக் கிராமத்து வெந்நீர் ஊற்று. முட்டைகளைத் துணியில் கட்டி ஊற்றில் இறக்கிவிட்டு இருவரும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரைமணி கழித்து அஞ்சலை ஒரு முட்டையைக் கல்லில் தட்டினார். உள்ளே இருந்தது அப்படியே ஒழுகியது.

“பதினொரு வருஷமா இதுதான்,” என்றார் தியாகு. “முட்டை குளிச்சிட்டு வருது. வேகறதில்ல.”

“அடுத்த தடவை வேகும்.”

“இதையும் பதினொரு வருஷமாச் சொல்றா.”

எனக்கு ரயில் போய்விடும் என்ற பயம். காலை நனைக்கவில்லை, காலணியைக்கூடக் கழற்றவில்லை. ஆனால் தம்பின் ஸ்டேஷனில் இறங்கியபோது ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அஞ்சலை என்னை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றினார். அட்டையில் எடையைப் படித்துவிட்டு, “இதுல பாதி பயம். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பார்க்கணும்” என்றார். அந்த அட்டையை ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தேன். கோலாலம்பூரில் வரிசையில் நின்றபோது அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அனுமதி கிடைத்தது.

ஐம்பத்தெட்டு ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். தியாகு இஸ்திரி போட்ட சட்டை, அஞ்சலை நல்ல புடவை. கையில் தட்டச்சு செய்த ஒரு மனு.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுப்போட்டால் மலாய்ப் பரீட்சை இல்லை. ஆகஸ்டோடு அந்த அவகாசம் முடிகிறது. தியாகு இங்கே பிறந்தவர், அவருக்குக் கவலையில்லை. அஞ்சலை சேலத்தில் பிறந்தவர். மனு எழுதிக் கொடுப்பவர், இன்னாருடைய மனைவி என்பதற்குக் கோயில் சீட்டு வேண்டும், இல்லையென்றால் படித்தவர் ஒருவர் கடிதம் கொடுத்தால் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். தாலி எடுத்துக் கொடுத்த பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். லாரிக்காரர் எங்கே என்று தெரியாது. தோட்டத்து ஆட்கள் கைநாட்டு.

“பரீட்சைன்னா எனக்கு வராது தம்பி,” என்றார் அஞ்சலை. “அந்த மேசையப் பார்த்தாலே எம் பேரு எனக்கு மறந்திடும். அப்புறம் நீ இந்த ஊருக்காரி இல்லன்னு என்னை மட்டும் கப்பல்ல ஏத்திட்டா, இவருக்குச் சட்டையில பொத்தான் யாரு வச்சுத் தருவா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தியாகு சிரிக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் சேதுராமனின் செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றது.

எனக்கு முதலில் தோன்றியது என் அனுமதிதான். அரசாங்கக் காகிதத்தில் என் கையெழுத்து. நாளை அது பொய் என்று யாராவது மொட்டைக் கடிதம் போட்டால், என் பேர் எந்தக் கோப்பில் ஏறும். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடிவிட்டது. அந்த மாதிரி விஷயங்களில் என் மூளை வேகம்.

“நான் உங்க கல்யாணத்தைப் பார்க்கலையே அக்கா.”

“கல்லைப் பார்த்தீங்களே.”

“கல்லைப் பார்த்தா போதுமா? கோயில்ல கேட்டு ஏதாவது ஒரு சீட்டு…”

“கோயிலுக்குப் போகலன்னு சொன்னமே தம்பி,” என்றார் தியாகு.

திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். அந்த இருமலுக்குப் பதில் சொல்வதுபோல நான் சொன்னேன்: “இல்லண்ணே, ஊர்ல வேற மாதிரி ஒரு பேச்சு இருக்கு. அதான் யோசிக்கிறேன்.”

“என்னா பேச்சு?” என்று அஞ்சலை கேட்டார்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். “நீங்க வழியில நின்னு நின்னு போறதப் பத்தி. புருஷன் பெண்டாட்டின்னா அப்படி…” என்று இழுத்தேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அஞ்சலை முதலில் சிரித்தார். மைனாவிடம் சிரித்த அதே சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு மெல்ல நின்றது. மனுவை எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சரிங்க சார்,” என்றார்.

அதுவரை தம்பி. அன்றிலிருந்து சார்.

அவர்கள் போன பிறகு சேதுராமன் திரையை விலக்கி, “நல்ல வேலை செஞ்சீங்க சார். இந்த மாதிரி விஷயத்துல கையெழுத்துப் போடவே கூடாது” என்றார். எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் காலையில் கிளம்பிப் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தியாகு இறங்கிக் கதவைப் பிடிக்காமல் நேரே வீட்டுக்குள் போய்விட, அஞ்சலை தானாக நகர்ந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு சாமான்களை எடுத்து வந்தார். சந்திலிருந்த எல்லார் வீட்டிலும் கணவன் முன்னால் போவான், மனைவி பின்னால் வருவாள். இவர்களும் அப்படி ஆகிவிட்டார்கள்.

“பாருங்க, இப்ப ஒழுங்கா வர்றாங்க,” என்றார் சேதுராமன்.

ஆகஸ்ட் நடுவில் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். வாசலில் நின்றதும் தைரியம் போய்விட்டது. நன்றாக இருந்த ஒரு பொத்தானைச் சந்திலேயே பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தான் தைக்க வந்ததாகச் சொன்னேன். அஞ்சலை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முன்பெல்லாம் அவர் எனக்கு நாற்காலியைத் துடைத்ததில்லை.

மெஷினுக்கு மேலே சுவரில் அந்தச் சிவப்புத் துணி தொங்கியது. துணி தெரியாத அளவுக்கு முறிந்த ஊசிகள்.

“இப்பல்லாம் எங்கேயும் நிக்கிறதில்லையா அக்கா?”

“எதுக்கு சார். ஊரு ஒண்ணு பேசும்.”

“கல்லுக்கிட்ட?”

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். “வண்டியிலேர்ந்தே ஒரு பார்வை பார்த்துக்கிறது.”

பின்கட்டில் தியாகு எதையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் சத்தம் நின்றது. நான் நிறுத்தியதும் மறுபடி கேட்டது. கடிதத்துக்கு வேறு யாரையாவது பார்த்தார்களா என்று கேட்டேன். தோட்டத்துக் கிராணி ஒருவர் பார்க்கிறேன் என்றாராம், பிறகு ஆளையே காணோமாம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணிடம் பரீட்சைக்குக் கேள்வி பதில் படிக்கிறாராம்.

“நல்லாத்தான் பேசுறேன் சார். அந்தப் பொண்ணு மேசைக்கு அந்தாண்ட உக்காந்தா மட்டும் வரமாட்டேங்குது.”

பொத்தானை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்பை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி அரைநாள். ஞாயிறு முப்பத்தொன்று, மெர்டேக்கா விடுமுறை. வகுப்புக்கு இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தபோது தம்பின் எடை அட்டை கீழே விழுந்தது. மாணவர்களுக்கு ஏதோ பயிற்சி கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை கிழித்தேன். நாலாவதில் பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டேன். இவர்கள் கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் மைல் கல் அருகே போகும்போதெல்லாம் இவர்கள் நிற்பதை அறிவேன், ஒருமுறை நானும் உடன் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்த எந்தத் தம்பதியையும்விட இவர்கள் தம்பதி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளியின் பேர், வீட்டு விலாசம், யாரும் கேட்காத என் கடவுச்சீட்டு எண், எல்லாம் எழுதினேன். அன்று மாலை போனபோது அவர்கள் வீட்டில் இல்லை. கடிதத்தைக் கதவிடுக்கில் செருக மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போனேன். பலகைக் கதவில் பூட்டு. கார் இல்லை. எங்கள் சாலையில் தொலைபேசி இருந்த ஒரே கடை அப்துல் கய்யூம் பாயுடையது, மளிகைக் கடை. அவர் கதவுப் பலகைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறு மணிக்கே போயிட்டாங்களே வாத்தியாரே. தம்பின்ல ஒரு தையல்கடையில மூணு மெஷினாம். ஞாயித்துக்கிழமை பெருநாளு மாதிரி, கடை இருக்காதுன்னு இன்னிக்கே போறாங்க. என்னா விஷயம்?”

சொன்னேன். கடிதத்தைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

“இதை ஒரு மாசத்துக்கு முன்னாடி எழுதியிருக்கலாமே.”

“தப்புத்தான் பாய்.”

“போன வாரம் அந்தப் பேச்சு என் கடைக்கே வந்துச்சு தெரியுமா? ஐஸ் வாங்கிக் குடுப்பானான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டுப் போனாங்க. எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துச் சட்டை போட்ட பிள்ளைங்க. அந்தம்மா அப்ப இங்கதான் நின்னு புளி வாங்கிக்கிட்டு இருந்துச்சு.”

நான் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பள்ளிக்கூடத்தில் கிளப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கத்தான் ஆசை.

“சரி, நிக்காதீங்க,” என்றார் பாய். “இப்பல்லாம் பதினொண்ணுக்குள்ள வந்திடுறாங்க. நீங்க பண்டார் ஹிலிர்ல மனு வாங்குற ஆபீசுக்குப் போய் வரிசையில இடத்தைப் பிடிங்க. வண்டி வந்ததும் வீட்டுக்குள்ள விடாம நேரா அங்க அனுப்புறேன். ரோட்டுலயே நின்னு பார்த்துக்கிறேன், போதுமா?”

ஆபீஸ் பன்னிரண்டரைக்கு மூடுவார்கள். வரிசை வெளிவாசலையும் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் குறையக் குறைய, பின்னால் நிற்பவர்களை எனக்கு முன்னே விட்டுக்கொண்டே வந்தேன். பதினொன்று ஆனது. பதினொன்றேகால் ஆனது. எதிரே சீனர் காப்பிக்கடையில் தொலைபேசி இருந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

கய்யூம் பாய் எடுத்தார். “இன்னும் வரல. வெளியேதான் நிக்கிறேன், மணி கேட்டு ஓடியாந்தேன். வைங்க, வண்டி போயிடப் போகுது.”

பதினொன்றரை. பதினொன்றேமுக்கால். இந்த ஒரு மாதமாகப் பதினொன்றைத் தாண்டாத வண்டி. டயர் வெடித்திருக்குமோ என்று நினைத்தேன். பிறகுதான் அது ஆவணி, அவர்கள் கல்யாண மாதம், என்பது உறைத்தது.

மூன்று மெஷின் என்றாரே பாய். சுவரில் தொங்கும் துணியில் இடமில்லாமல் ஊசிகள். வண்டியிலிருந்தே ஒரு பார்வை போதும் என்று எத்தனை நாள்தான் இருப்பார்கள். இந்நேரம் தியாகு இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ, அஞ்சலை நகர்ந்து நகர்ந்து இறங்கிப் புல்லை விலக்கிக்கொண்டிருக்கிறாரோ. ஒரு மாதமாக எதைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று தவித்தேனோ, அதை அவர்களே எடுத்துக்கொண்டுவிட்டால் நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் சட்டைப் பையில் கடிதம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. இன்று மட்டும் நிற்காமல் வந்துவிடுங்கள் என்று, நிற்பதைக் கேலி செய்த நானே வேண்டிக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டடித்து ஐந்து நிமிடத்தில் மறுபடி சாலையைக் கடந்தேன். வரிசையில் நான்கு பேர்தான் பாக்கி. காவலர் ஒரு பக்கக் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எண்ணைச் சுழற்றினேன்.

மறுமுனையில் மணி அடித்தது. பாய் சாலையில் நின்று வண்டியைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருக்கலாம். அல்லது இன்னும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இரண்டில் எதுவானாலும் மணி அவர் காதில் விழாது. காப்பிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, போதும் என்று விரலைக் காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.